மிஸ் டோர்க்கஸின் சீட்

ஒரு முட்டாள்தனத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் லண்டனில் மினிபஸ் ஓட்டத் தொடங்கி ஐந்தரை மாதம்வரை, மிஸ் டோர்க்கஸ் என்றொரு கிழவி உயிரோடு இருக்கிறா என்றும், ஏதோ ஒரு காலையில் என்னுடைய பஸ்ஸில் ஏறுவா என்றும், ஏறின அன்றோடு என் வேலை போய்விடும் என்றும் நம்பினேன். அப்போது எனக்கு வயது முப்பத்தொன்பது. ஊரில் எட்டு வருடம் மினிவான் ஓட்டினவன். ஆமி செக் பொயின்றில் நெஞ்சு அடிக்க அடிக்க முகத்தை மட்டும் சிரித்தபடி வைத்திருக்கப் பழகினவன். அப்படிப்பட்டவனை ஒரு கைப்பை வெருட்டி வைத்திருந்தது.

இப்போது அதே டிப்போவில் புது டிரைவர்களுக்குப் பழக்குவதும் என் வேலை. காலையில் பஸ் செக் பண்ணும்போது நான் பதினாறு சீட்டிலும் ஒவ்வொன்றாக இருந்து எழும்புவதைப் பார்த்து எங்கள் பெடியள் சிரிக்கிறார்கள். "நேசன் அண்ணைக்கு மூலவியாதி போலை" என்று ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது. அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதல் நாள்

வட லண்டனில் ஒரு கவுன்சில். பெயர் வேண்டாம், நான் இன்னும் பென்ஷன் எடுக்கவில்லை. தனியாக வெளிக்கிட ஏலாத வயதானவர்களை ஏற்றிக்கொண்டு போய் லஞ்ச் கிளப்பில் இறக்கி, சாப்பிட்டு முடிய வீட்டில் கொண்டுபோய் விடுவதுதான் வேலை. இல்ஃபோர்ட்டில் என்னோடு ஒரே வீட்டில் அறை எடுத்திருந்த செல்வராசா அண்ணை அங்கே டிரைவர். அவர்தான் என்னைச் சேர்த்துவிட்டார். சேர்த்துவிட்ட கையோடு பயமும் காட்டினார்.

"ஆறு மாதம் புரபேஷன். எழுத்திலை ஒரு கம்ப்ளெயின்ற் வந்தாக் காணும், வீட்டை அனுப்பிப்போடுவாங்கள். உன்ர பஸ்ஸிலை வாறது முழுக்க வெஸ்ட் இண்டீஸ் மனுசியள். வாய் காட்டாதை. என்ன சொன்னாலும் ஓம் எண்டு சொல்லு."

"அண்ணை, அவை கெட்ட ஆக்களோ?"

"கெட்ட ஆக்கள் எண்டால் சமாளிக்கலாம். அவை சிரிக்கிற ஆக்கள்."

எனக்கு அந்த ஆறு மாதம் சும்மா ஆறு மாதம் அல்ல. மனைவி வதனியும் மூன்று வயது மகளும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அங்கே பொலிஸ் அடிக்கடி சோதனைக்கு வரும்; யாராவது கதவைத் தட்டினால் மகள் தானாகவே கட்டிலுக்குக் கீழே போகப் பழகியிருந்தாள். அவர்களை இங்கே எடுப்பதற்கு, என் வேலை நிரந்தரம் என்று கவுன்சில் தருகிற கடிதம் வேண்டும். "அது இல்லாமல் உம்முடைய பைலைத் திறக்கவே மாட்டன்" என்று லோயர் சொல்லியிருந்தார். ஆகவே விம்பிள்டன் பிள்ளையாரிடம் போய்த் திருநீறு வாங்கி வந்து, பஸ்ஸின் டாஷ்போர்டில் மூன்று குறி இழுத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

ரூட் ஷீட்டில் முதல் பெயர் மிஸஸ் வினிஃபிரட். கிரனடாத் தீவுக்காரி. எழுபது வயது. ஆஸ்பத்திரி நிலம் துடைத்துத் துடைத்தே முழங்கால் இரண்டும் தேங்காய் அளவுக்கு வீங்கினவ. தொப்பி, கோட், கையுறை, இரண்டு கறுத்தக் கைப்பை. பின்கதவில் ஆளைத் தூக்கி ஏற்றுகிற டெயில் லிஃப்டில் மகாராணி மாதிரி மேலே வந்து, ஒரு பையைத் தன் மடியில் வைத்தா. மற்றதை எனக்குப் பின்னால், ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்த தனிச் சீட்டில் வைத்தா. பிறகு மற்ற ஆறு பேரும் ஏறினார்கள். நல்ல குளிர். பஸ்ஸிலேயே சூடான இடம் அந்தச் சீட்தான். கடைசியாக ஏறின மிஸஸ் ஓட்ரியை அதில் இருத்துவோம் என்று பையைத் தூக்கக் கையை நீட்டினேன்.



"டார்லிங், கையை எடு," என்றா மிஸஸ் வினிஃபிரட். "அது மிஸ் டோர்க்கஸின்ர சீட்."

அவர்கள் பேசினது தீவு ஆங்கிலம். எனக்கு விளங்கினதெல்லாம் யாழ்ப்பாணத் தமிழில்தான். அதனால் அப்படியே எழுதுகிறேன். டார்லிங் என்ற சொல்லை மட்டும் மாற்றவில்லை. தாலி கட்டின மனுசிகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தச் சொல்லே எனக்கு வெருட்டல் போலத்தான் கேட்டது.

"அவ எந்த ஸ்டொப்பிலை ஏறுவா?" என்று கேட்டேன். ரூட் ஷீட்டில் அப்படி ஒரு பெயரே இல்லை.

"தனக்கு விருப்பமான ஸ்டொப்பிலை."

"முந்தின டிரைவரும் இப்பிடித்தான் பையைத் தூக்கப் பாத்தவன்," என்றா மிஸஸ் ஓட்ரி. குருவி அளவு உடம்பு, லொறி ஹோர்ன் மாதிரிக் குரல்.

"அவர் இப்ப எங்கை?"

ஏழு பேரும் ஜன்னலால் வெளியே பார்த்தார்கள். நான் கையை எடுத்தேன்.

ஒரு மனுசிக்கு இரண்டு கைப்பை எதற்கு என்று ஐந்தரை மாதமும் நான் கேட்கவில்லை. வயதான பெண்களிடம் கைப்பையைப் பற்றி விசாரிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

2. க்ரிக், க்ராக்

போகும்போது நாற்பது நிமிடம், வரும்போது நாற்பது நிமிடம். அந்த நேரம் முழுக்கக் கதைதான். கதை சொல்லுகிறவ "க்ரிக்?" என்று கேட்பா. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் "க்ராக்!" என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் கதை நகராது. நாங்கள் ஊரில் கதை கேட்கும்போது "ம்" கொட்டுவோமே, அதே வேலைதான், சத்தம் மட்டும் சீனவெடி. முதல் நாள் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மரியாதையாக "ம்" என்றேன்.

"டிரைவர் நித்திரை. இறங்குவமோ?" என்றா மிஸஸ் வினிஃபிரட்.

அன்று தொடங்கி நானும் கத்தினேன். சிவப்பு லைற்றில் பக்கத்துக் காரில் நிற்பவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கதை எல்லாம் மிஸ் டோர்க்கஸ் கதை. அவவுடைய ஆட்டைப் பிடிக்க ஒரு கொன்ஸ்டபிள் வந்தானாம். "பிடிச்சுக்கொண்டு நில் மகனே, என்ர மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாறன்" என்று உள்ளே போனாவாம். மூன்று நாள் கழித்து வந்தாவாம். அதற்குள் அந்தக் கொன்ஸ்டபிள் ஆட்டுக்குக் குழை வெட்டி, பால் கறந்து, கொட்டிலும் வேய்ந்து முடித்துவிட்டு, "அம்மா, நான் வீட்டை போகலாமோ?" என்று அழுதானாம். இன்னொருநாள் எமனே வந்து வாசலில் நின்றானாம். அவ துணி மடித்துக்கொண்டு நின்றாவாம். "காலைத் துடைச்சுப்போட்டு உள்ளை வா, இந்தச் சீலையின்ர மற்ற நுனியைப் பிடி" என்றாவாம். மடித்து மடித்துக் களைத்துப்போய், வந்த காரியத்தையே மறந்து போய்விட்டானாம் எமன்.

எங்கள் ஊர் மேடையில் நான் பகிடி நாடகம் நடித்தவன். எங்கள் நாடகத்தில் கிழவி வந்தால், யாரோ ஒரு ஆம்பிளை சேலை கட்டிக்கொண்டு கூனிக்கூனி வருவான்; சனம் கிழவியைப் பார்த்துச் சிரிக்கும். அந்தக் கிழவி நானேதான் பல தடவை. இவர்களின் கதையில் கிழவி நிமிர்ந்து நிற்கிறா. சனம் அவவுக்கு முன்னால் நிற்கிற மற்ற எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிறது. பொலிஸ், பாதிரி, வீட்டுக்காரன், எமன், எல்லாரும் அவவிடம் தோற்க வேண்டும். அவவுக்குப் பயம் இல்லை, களைப்பு இல்லை, முழங்கால் நோவும் இல்லை. கேட்கக் கேட்க எனக்கு நல்லாகத்தான் இருந்தது, அவர்கள் டிரைவர் கதையைச் சொல்லும்வரை.

லண்டன் வந்த பிறகு ஒரு டிரைவர் மிஸ் டோர்க்கஸைப் பின் சீட்டில் போய் இருக்கச் சொன்னானாம். அவ இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டின் நடுவில் நடக்கத் தொடங்கினாவாம். நாலு மைல். பின்னால் பஸ் ஊர்ந்ததாம், அதற்குப் பின்னால் பாதி லண்டன் ஊர்ந்ததாம். பின்னேரம் அந்த டிரைவர் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனவன்தானாம்.

"இது எப்ப நடந்தது?" என்று கேட்டேன்.

"நீ வர முந்தி," என்றா மிஸஸ் ஓட்ரி.

"நான் கண்ணாலை கண்டது," என்றா மிஸஸ் வினிஃபிரட். "க்ரிக்?"

"க்ராக்," என்றேன்.

அன்று தொடங்கி, கோட் போட்ட எந்தக் கிழவி பஸ் ஸ்டொப்பில் நின்றாலும் பிரேக்கை மிதித்துவிடுவேன்.

3. செக் ஷீட்

ஒவ்வொரு நாளும் வண்டியை எடுக்கமுன் ஒரு தாள் நிரப்ப வேண்டும். டயர், லைற், பிரேக், டெயில் லிஃப்ட், வீல்செயார் கிளாம்ப். பிறகு ஒவ்வொரு சீட்டையும் கையால் தள்ளி, பெல்ட்டை இழுத்துப் பார்த்து, "நில் டிஃபெக்ட்", அதாவது பழுது ஒன்றும் இல்லை, என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும்.

பதினைந்து சீட்டையும் தள்ளுவேன். அந்த ஒரு சீட்டை மட்டும் தொடமாட்டேன். காலையில் டிப்போவில் அதன்மேல் பையும் இல்லை, பஸ்ஸில் ஆட்களும் இல்லை. என்றாலும் தொடமாட்டேன். ஆள் இல்லாத நேரம் அவவின் கதிரையில் கை வைப்பது மரியாதை இல்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் பயம். செல்வராசா அண்ணையிடம் ஒருநாள் மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணை, டோர்க்கஸ் எண்டு ஒரு மனுசியைத் தெரியுமோ?"

"பேரைக் கேட்டாலே பெரிய இடம் போலை இருக்கு. கவுன்சிலராயும் இருக்கும். நீ அந்தச் சீட்டுப் பக்கம் போகாதை."

இப்படி அறிவுள்ள இரண்டு பேர் கலந்து பேசி முடிவெடுத்த பிறகு யார் என்ன செய்ய ஏலும்? தூசி தட்டுகிற துணியைத் தூரத்தில் நின்று இரண்டு வீச்சு வீசுவேன். கும்பிடாத குறை. பிறகு "நில் டிஃபெக்ட்". கையெழுத்து. நூறுக்கு மேற்பட்ட தாள்.

4. பென்றோஸ் இருந்தார்

புரபேஷன் முடிய இரண்டு கிழமை இருக்கும்போது ட்ரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் மிஸ்டர் பென்றோஸ் லஞ்ச் கிளப் வாசலில் நின்றார். சொல்லாமல் கொள்ளாமல் வண்டி பார்க்க வந்திருந்தார். பயணிகள் ஏழு பேரும் ஏறியிருந்தார்கள். டயர் பார்த்தார், லிஃப்டை ஏற்றி இறக்கினார், எல்லாம் சரி. உள்ளே வந்து பேனையைத் திறந்தார். எழுத இடம் தேடினார். மிஸ் டோர்க்கஸின் பையைத் தூக்கிக் கீழே வைத்தார்.

"சேர்," என்றேன்.

நூறு கிலோ உடம்பை அந்தச் சீட்டில் போட்டார். சீட் அப்படியே பின்பக்கம் சாய்ந்தது. அவருடைய இரண்டு சப்பாத்தும் கூரையைப் பார்த்தன. பேனை எங்கேயோ பறந்தது.

எனக்குப் பின்னாலிருந்து மிஸஸ் ஓட்ரி, தன்னை அறியாமலே, "க்ரிக்?" என்றா.

நானும் என்னை அறியாமலே, "க்ராக்!" என்று கத்திவிட்டேன்.

இவ்வளவு சிரிப்புக்காரர் இருந்த பஸ்ஸில் அதற்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. மிஸ்டர் பென்றோஸ் எழும்பி, குனிந்து, டோர்ச் அடித்துப் பார்த்தார். சீட்டை நிலத்தோடு பிடிக்கிற நாலு போல்ட்டில் இரண்டு இல்லை. மற்ற இரண்டும் கையால் சுற்றக் கழன்று வந்தன.

"இந்தச் சீட்டை நீர் எப்ப கடைசியாச் செக் பண்ணினது?"

"ஒவ்வொரு நாளும், சேர்."

கேட்டவுடன் பொய் சொன்னேன். செக் பொயின்றில் பழகின வாய்.

"அப்ப இந்தப் போல்ட் இண்டைக்குத்தான் நடந்து போனதோ?"

பஸ்ஸை அங்கேயே நிற்பாட்டினார்கள். மனுசிகளை வேறு வண்டியில் அனுப்பினார்கள். என்னை வேலையிலிருந்து நிற்பாட்டிவைத்து, வியாழக்கிழமை விசாரணைக்கு வரச் சொன்னார்கள். பொய் செக் ஷீட் என்றால் புரபேஷன்காரனுக்கு வேறு பேச்சே இல்லை என்று டிப்போவில் எல்லாரும் சொன்னார்கள். செல்வராசா அண்ணை மட்டும், "நான் அந்தச் சீட்டுப் பக்கம் போகாதை எண்டு சொன்னது வேறை கருத்திலை" என்றார்.

அந்த ஞாயிறு காலை வதனி லொட்ஜுக்குப் பக்கத்துக் கடையிலிருந்து டெலிபோன் எடுத்தாள்.

"கடிதம் தந்தவங்களோ?"

"வாற கிழமை."

"போன கிழமையும் வாற கிழமை எண்டுதானே சொன்னீங்கள்? நேற்று மூண்டாம் மாடியிலை ரெண்டு பெடியளைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போயிட்டுது. பிள்ளை விடிய விடியக் கட்டிலுக்குக் கீழை."

"வாற கிழமை, வதனி," என்றேன். ரிசீவரை வைத்த பிறகும் என் கை அதை விடவில்லை. நான் பகிடிக்காரன். என்னை அடக்கம் பண்ணுகிற அன்றும் ஒரு பகிடி விடுவேன் என்று ஊரில் சொல்லுவார்கள். அந்த நாலு நாளும் எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

5. வியாழக்கிழமை

மேசைக்கு அந்தப் பக்கம் மிஸ்டர் பென்றோஸும், வேலைக்காரர் விஷயம் பார்க்கிற பெர்சனெல்காரி ஒருத்தியும். நான் வைத்த கையெழுத்துகள் ஒரு அடுக்காக அவர்களுக்கு முன்னால். என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கதவு தட்டப்பட்டது. அந்தச் சத்தத்துக்கு என் உடம்பும் ஒருமுறை கட்டிலுக்குக் கீழே போகப் பார்த்தது.

மிஸஸ் வினிஃபிரட். தொப்பி, கோட், கையுறை, இரண்டு கைப்பை. பின்னால் மிஸஸ் ஓட்ரி. எங்கள் பஸ்தான் கராஜில் நிற்கிறதே. பொது பஸ்ஸில், மூன்று பஸ் மாறி, அந்த முழங்காலோடு வந்திருந்தார்கள். ஒருவரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்போது ஒரு கதை சொல்லப் போகிறா, பென்றோஸை ஆட்டைப் பிடிக்க வைக்கப் போகிறா என்று நினைத்தேன். "க்ரிக்?" என்று கேட்டால் பதில் சொல்லத் தயாராக நிமிர்ந்து இருந்தேன்.

அவ கேட்கவில்லை. பையை இறுக்கிப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. கையுறைக்கு மேலாலும் தெரிந்தது. பகிடி இல்லாத அவவின் குரலை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன். சின்னக் குரல்.

"அந்தச் சீட் இவர் வர முதலே ஆடினது. எங்களுக்குத் தெரியும். ஒருத்தரும் இருந்து விழக்கூடாதெண்டு நான்தான் பையை வைக்கிறனான்."

"ஏன் ரிப்போர்ட் பண்ணேல்லை?" என்று கேட்டார் பென்றோஸ்.

"முந்தி ஒருக்கா லிஃப்ட் பிழைச்சதெண்டு சொன்னம். பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனீங்கள். எட்டுக் கிழமை. அந்த எட்டுக் கிழமையும் நாங்கள் வீட்டுக்குள்ளை. எங்களோடை வந்த ஐவி குளியலறையிலை விழுந்து ரெண்டு நாள் கிடந்தவ. கிளப்புக்கு வாறதெண்டால் ஆள் வரேல்லை எண்டாவது தேடியிருப்பினம். ஐவி பிறகு எழும்பவே இல்லை, செத்துப்போனா. அதுக்குப் பிறகு நாங்கள் ஒண்டையும் ரிப்போர்ட் பண்ணுறேல்லை."

பெர்சனெல்காரி எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தினாள்.

"டிரைவருக்குத் தெரிஞ்சால் அவர் எழுதத்தான் வேணும். தெரியாட்டில் அவரின்ர கையெழுத்து பொய்யாகாது எண்டு நினைச்சம். அதுதான் அவருக்குக் கதை சொல்லி வைச்சனாங்கள். அவர் அதை நம்பினார்."

"என்ன கதை?"

"மிஸ் டோர்க்கஸின்ர சீட் எண்டு."

"யார் இந்த மிஸ் டோர்க்கஸ்?"

மிஸஸ் வினிஃபிரட் இரண்டாவது பையை மேசையில் வைத்தா. பிறகு சொன்னா: "அப்பிடி ஒருத்தியும் இல்லை, சேர். இருந்திருந்தால் நான் இஞ்சை வந்து நிக்கத் தேவையில்லையே."

கதையில் எமனுக்கே சீலை மடிக்கக் கொடுத்த மனுசி இந்தக் கைக்குள்ளிருந்துதான் வந்திருக்கிறா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயமில்லாதவ ஒருத்தியை உண்டாக்கி, தன் பையை அவவிடம் கொடுத்து, பக்கத்தில் இருத்தி வைத்திருந்தா. நான் அந்த இல்லாதவளுக்குப் பயந்து, ஒவ்வொரு நாளும் லிஃப்டில் ஏற்றி இறக்கின இவவைப் பார்க்காமல் விட்டேன். மறைத்து வைத்ததற்குப் பஸ்ஸையே ஒரேயடியாக எடுத்துவிடலாம் என்று தெரிந்துகொண்டும் இவ வந்து சொன்னா. இனி என் பொய்யை நான் வைத்திருக்க ஏலாது.

"சேர், நான் அண்டைக்குச் சொன்னது பொய்," என்றேன். "அந்தச் சீட்டை ஒருநாளும் நான் செக் பண்ணேல்லை."

"ஏன்?"

"பயத்திலை."

"ஆருக்கு?"

"இப்ப இல்லையெண்டு சொன்னா பாருங்கோ, அவவுக்கு."

மிஸ்டர் பென்றோஸ் என்னையும் அவவையும் மாறிமாறிப் பார்த்தார். வெளியே இருக்கச் சொன்னார். கொரிடோரில் மூன்று பேரும் ஒரு வாங்கில் இருந்தோம். மிஸஸ் ஓட்ரி பெப்பர்மின்ற் தந்தா. ஒருவரும் கதை சொல்லவில்லை.

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை, புரபேஷன் இன்னும் மூன்று மாதம். முந்தின டிரைவர் வைத்த தாள்களையும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதிலும் "நில் டிஃபெக்ட்"தான். அந்த ஆள் ஓடிப்போகவும் இல்லை, மாயமாகவும் இல்லை. ரிட்டயர் ஆகித் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார். பஸ் ஆறு கிழமை கராஜில் நின்றது. அந்த ஆறு கிழமையும் நான் வேறு வண்டியில் வேலைக்குப் போகமுன் ஏழு கதவுகள் தட்டினேன். ஏழு பேரும் திறந்தார்கள். ஒருத்தியும் விழவில்லை. பஸ் திரும்பி வந்த அன்று மிஸஸ் வினிஃபிரட் ஒரே ஒரு பையோடு ஏறி, ஹீட்டர் பக்கத்துச் சீட்டில் தானே இருந்து, முழங்காலைச் சூட்டுப் பக்கம் நீட்டினா. நான் "க்ராக்" சொல்லக் காத்திருந்தேன். "நல்லாக் காயுது" என்றா. அவ்வளவுதான்.

வதனிக்கு அந்த மூன்று மாதத்தையும் உண்மையைச் சொல்லித்தான் கடத்தினேன். அவள் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. கடிதம் வந்தது. மகள் இங்கே வந்து முதல் இரண்டு மாதமும் கதவு தட்டினால் கட்டிலுக்குக் கீழேதான் போனாள். பிறகு விட்டுவிட்டாள்.

ஆகவே, மூலவியாதி என்று சொன்ன தம்பி: சீட்டைக் கையால் தள்ளிப் பார்க்காதே, இருந்து பார். அதில் யாருடைய பை இருந்தாலும் தூக்கிவிட்டு இரு. பயணி ஒருவர் இரண்டு பை கொண்டு வந்தால் ஏன் என்று கேள்.

நடந்தது இதுதான். நாலு போல்ட்டில் இரண்டு இல்லை. நான் பார்க்கவில்லை. முழங்கால் வீங்கின ஒரு மனுசி மூன்று பஸ் மாறி வந்து, நடுங்கிக்கொண்டு நின்று, அதைச் சொன்னா.